வேட்டை போட்டோவைப் பாத்து மக அழுதுட்டா, சபைலயும் பேச்சு வந்துடுச்சு, நான் எங்க தப்பு பண்ணேன்?

வாசகர் கேள்வி: ஸ்தோத்திரம் அண்ணா. 4 வருஷமா எங்க சபை சகோதரர்கள் 3 பேரோட மான் சீசன்ல, அதாவது இங்க சட்டம் அனுமதிக்கிற நாள்கள்ல, வேட்டைக்குப் போறேன். லைசென்ஸ், பயிற்சி எல்லாம் முறையா இருக்கு. இந்த வருஷம்தான் முதல் தடவையா கொம்புள்ள பெரிய ஆண் மான் ஒண்ணு எனக்குக் கிடைச்சுது. சந்தோஷத்துல அதுகூட உக்காந்து எடுத்த போட்டோவை வீட்டு குரூப்லயும் சபை வாட்ஸ்அப் குரூப்லயும் போட்டுட்டேன். 9 வயசு மக பாத்துட்டு அழுதவ, 2 நாள் என்கிட்ட பேசவே இல்ல. சபைல வயசான அம்மா ஒருத்தர் "ஆண்டவருடைய பிள்ளை இப்படி ரத்தத்தோட உக்காந்து சிரிக்கலாமா"ன்னு குரூப்லயே கேட்டுட்டாங்க. 13 வயசு மகன் மட்டும் அடுத்த தடவை நானும் வருவேன்னு நிக்கிறான், என் மனைவிக்கு அதுல துளிகூட இஷ்டம் இல்ல. காட்டுல எனக்குக் கிடைக்கிற சமாதானத்தை குடும்பத்தோடயும் விசுவாசிகளோடயும் பகிர்ந்துக்கணும்னுதான் எனக்கு ஆசை. நான் எங்க தப்பு பண்ணேன், இனிமே எப்படி பண்ணணும்?

பதில்: ஸ்தோத்திரம் தம்பி. உங்க கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன். வேட்டைக்கு லைசென்ஸ் எடுக்க வர்றவங்களுக்கு 18 வருஷமா பாதுகாப்பு வகுப்பு எடுத்துட்டு இருக்கேன், அப்பா பிள்ளையா சேந்து வர்றவங்களை நூத்துக்கணக்குல பாத்திருக்கேன், அதனால உங்க வீட்டுல என்ன நடந்திருக்கும்னு என்னால ஓரளவு யூகிக்க முடியுது.

முதல்ல அந்த போட்டோ. நீங்க விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு, இருட்டுல நடந்து, குளிர்ல அசையாம மணிக்கணக்குல உக்காந்து, வெளிச்சம் மெதுவா வர்றதைப் பாத்து, பறவைங்க ஒவ்வொண்ணா சத்தம் போட ஆரம்பிக்கிறதைக் கேட்டு, கடைசில மான் வந்து, ஜெபம் பண்ணிட்டு விசையை அழுத்தி, அப்புறம் அதுகிட்ட போய் ஒரு நிமிஷம் பேச்சு வராம நின்னிருப்பீங்க. இது அத்தனையும் உங்க மனசுல ஒரே சந்தோஷமா இருக்கு. ஆனா மக கைக்கு வந்தது கடைசி துண்டு மட்டும்தான், செத்துப்போன ஒரு மான், பக்கத்துல சிரிக்கிற அப்பா. அவ அழுததுல எந்தத் தப்பும் இல்ல, 9 வயசுல ஒரு உயிர் போனதுக்கு அழற பிள்ளை நல்ல பிள்ளை. நீங்க அவளுக்குக் குடுக்க நினைச்சது ஒண்ணு, போய்ச் சேந்தது வேற ஒண்ணு.

வேட்டைல சுடறது ஒரு நொடி. மத்த நேரமெல்லாம் காத்திருக்கறதுதான், அந்தக் காத்திருப்பைத்தான் குடும்பத்தோட பகிர்ந்துக்க முடியும்.

என் மக 10 வயசா இருக்கும்போது ஒரு நாள் கூட்டிட்டுப் போனேன். தரைல போட்டிருந்த மறைவுக்குள்ள ரெண்டு பேரும் உக்காந்திருந்தோம், நான் முடிவு பண்ணிட்டுத்தான் போனேன், இன்னைக்கு இவ கேட்டா ஒழிய சுடறது இல்லைன்னு. ரொம்ப நேரம் ஒண்ணும் வரல, அவ கால் மரத்துப்போச்சுன்னு நெளிஞ்சுட்டு இருந்தா, அப்ப ஒரு பெட்டை மான் புதருக்குள்ள இருந்து தலையை மட்டும் நீட்டுச்சு. பாப்பா மூச்சை அடக்கினது எனக்குக் கேட்டுது. அது ஒரு அடி வைக்கும், நிக்கும், காதைத் திருப்பும், மறுபடி ஒரு அடி. அப்படியே 20 அடி தூரத்துக்கு வந்துடுச்சு, மூக்கு ஈரமா மின்னறது தெரியுது. அந்த நேரம் பாத்து காத்து திரும்பிடுச்சு, முகத்துல பட்டுட்டு இருந்த காத்து இப்ப பிடரில பட்டு, எங்க வாசனையைத் தூக்கிட்டு நேரா அது பக்கம் போகுது. சட்டுனு நிமிந்துச்சு, முன்னங்காலைத் தரைல ஓங்கி ஒரு தட்டு, மூக்கால புஸ்ஸுனு ஒரு பெரிய சத்தம், அவ்வளவுதான், வாலைத் தூக்கிட்டு ஒரே தாவல்ல காணோம். மக என் கையைப் புடிச்ச புடி விடவே இல்ல. இன்னைக்கு அவளுக்குக் கல்யாண வயசு, வீட்டுக்கு யார் வந்தாலும் அவ சொல்ற வேட்டைக் கதை அதுதான், அன்னைக்கு ஒரு தோட்டாகூட செலவாகல.

இப்ப அந்த அம்மா கேட்ட கேள்விக்கு வர்றேன். அவங்க மேல கோவப்படாதீங்க, கேட்ட இடம் சரியில்லாம இருக்கலாம், கேள்வி நியாயமான கேள்விதான். வேதத்துல வேட்டை இருக்கு. நிம்ரோத் இருக்கான், ஏசா இருக்கான், உபாகமம் 14ம் அதிகாரம் புசிக்கலாம்னு சொல்ற மிருகங்கள்ல மானும் இருக்கு, சாலொமோனோட பந்திக்கு மான்கள் வந்தது 1 இராஜாக்கள் 4ல இருக்கு. அதனால இது பாவம்னு வசனத்தைக் காட்டி யாரும் சொல்லிட முடியாது. ஆனா அதே வேதம் வேட்டைக்காரன் கையைக் கட்டியும் வச்சிருக்கு, அதை நம்ம ஆளுங்க பேசறதே இல்ல. லேவியராகமம் 17:13ஐ எடுத்துப் பாருங்க, வேட்டையாடிப் பிடிச்ச மிருகத்தோட ரத்தத்தைச் சிந்தி அதை மண்ணால மூடணும்னு இருக்கு. அடுத்த வசனம் காரணத்தைச் சொல்லுது, அந்த ரத்தம்தான் அதோட உயிர்னு. உபாகமம் 22ல குருவிக்கூடு கண்ணுல பட்டா குஞ்சை எடுத்துக்கலாம், தாயைப் பிடிக்கக் கூடாது, அதை விட்டுடணும். நீதிமொழிகள் 12:27 சோம்பேறி தான் வேட்டையாடிப் பிடிச்சதை சமைக்கிறதில்லன்னு சொல்லுது, அதாவது கொன்னுட்டு வீணாக்கறவனை வேதம் மெச்சல.

மண்ணால மூடுன்னு சொன்ன ஆண்டவர்கிட்ட படிச்ச நாம அந்த ரத்தத்தை போட்டோ எடுத்து 200 பேருக்கு அனுப்பறோம். இதை உங்களைக் குத்திக்காட்ட சொல்லல தம்பி, நானே அப்படி அனுப்பினவன்தான், ஒரு நாள் அந்த வசனம் கண்ணுல பட்டதுக்கு அப்புறம் நிறுத்திட்டேன்.

கத்தோலிக்க சகோதரர்கள் வேட்டைக்காரங்களோட பாதுகாவலர்னு புனித ஹூபர்ட்டைச் சொல்வாங்க, 727ல இறந்த ஆயர், நவம்பர் 3 அவரோட திருநாள். அவர் ஒரு மானைத் துரத்திட்டுப் போனப்ப அதோட கொம்புக்கு நடுவுல சிலுவையைப் பாத்தாருன்னு பின்னாடி வந்த காலத்துல ஒரு கதை உருவாச்சு. எனக்கு அதுல பிடிச்சது என்னன்னா, வேட்டைக்காரங்களோட பாதுகாவலரைப் பத்தின கதைல அந்த மான் சாகறதே இல்ல.

அந்த அம்மாவுக்கு குரூப்ல பதில் போடாதீங்க. நேர்ல போங்க, உக்காந்து பேசுங்க, ரோமர் 14ஐ ரெண்டு பேருமா சேந்து படிங்க. புசிக்கிறவன் புசிக்காதவனை அற்பமா நினைக்கக் கூடாது, புசிக்காதவன் புசிக்கிறவனைக் குற்றவாளின்னு தீர்க்கக் கூடாது, ரெண்டு பக்கமும் பவுல் சொல்லிட்டாரு. அவங்க மனசு ஒத்துக்கலைன்னா விட்டுடுங்க. "அம்மா, நீங்க கேட்டதுக்கு அப்புறம் நான் அந்த போட்டோ போடறதைப் பத்தி யோசிச்சேன்"னு சொல்லுங்க, அது போதும், அவங்களை வேட்டைக்கு ஆதரவா மாத்தறது உங்க வேலை இல்ல.

வீட்டு விஷயத்துக்கு ஏசாவைக் கொஞ்சம் பேசணும். ஆதியாகமம் 25ல ஏசா வேட்டைல வல்லவன், வனத்துல திரியறவன், யாக்கோபு கூடாரவாசி. ஏசா கொண்டு வர்றது ஈசாக்கோட வாய்க்கு ருசியா இருந்ததால அவருக்கு ஏசா மேல பட்சம், ரெபெக்காளுக்கு யாக்கோபு மேல அன்பு. அதாவது வேட்டைல கிடைச்ச மாமிசத்தால ஒரு வீடு ரெண்டா நின்னுச்சு, அப்பா ஒரு பிள்ளை பக்கம், அம்மா ஒரு பிள்ளை பக்கம். உங்க கடிதத்துலயும் அந்தக் கோடு விழ ஆரம்பிச்சிருக்கு, நீங்களும் மகனும் ஒரு பக்கம், மனைவியும் மகளும் ஒரு பக்கம். அது பெரிசாகறதுக்கு முன்னாடி பாத்துக்கோங்க. மகனைக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி மனைவிகிட்ட பேசி முடிங்க, அவனை வச்சு அம்மாகிட்ட கேக்க வைக்காதீங்க.

மனைவிக்கு எது பிடிக்கலைன்னு நீங்க எழுதல. கேட்டிருக்கீங்களா? நிறைய வீட்டுல மான் பிரச்சனையே கிடையாது, சீசன் வந்தா எல்லா சனிக்கிழமையும் அவங்க தனியா பிள்ளைகளோட கிடக்கறது, ஞாயிறு ஆராதனைக்கு நீங்க தூங்கி வழிஞ்சு வர்றது, இல்ல வராமலே போறது, போன் எடுக்காத இடத்துல புருஷன் துப்பாக்கியோட இருக்காரேன்னு நாள் பூரா பயம், இதுதான் பிரச்சனை. சீசன்ல எத்தனை நாள் போவீங்கன்னு முன்னாடியே ரெண்டு பேரும் காலண்டர்ல குறிச்சுக்கோங்க, அதுக்கு மேல ஒரு நாள்கூட வேண்டாம். ஒவ்வொரு தடவையும் வண்டி எங்க நிக்கும், எந்தப் பக்கம் நடப்பீங்க, எத்தனை மணிக்குள்ள திரும்பலைன்னா யாருக்கு போன் பண்ணணும்னு ஒரு தாள்ல எழுதி அவங்க கைல குடுத்துட்டுப் போங்க. எழுதின நேரத்துக்கு வந்துடுங்க. சொன்ன நேரத்துக்கு 10 தடவை திரும்பி வந்தவனை 11வது தடவை நிம்மதியா அனுப்புவாங்க.

இன்னொண்ணு அவங்ககிட்ட நீங்களே முந்திக்கிட்டு சொல்லணும், மாமிசத்தைப் பத்தி. ஈயக் குண்டு உள்ள போய் படும்போது கண்ணுக்குத் தெரியாத சின்னத் துகளா சிதறுது, காயத்துல இருந்து ஒரு சாண் தள்ளிகூடப் போயிருக்கும், கழுவினாலும் போகாது. ஈயம் சின்னப் பிள்ளைகளோட மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. அதனால செம்புக் குண்டுக்கு மாறிடுங்க, காயத்தைச் சுத்தி உள்ள பகுதியைத் தாராளமா வெட்டிப் போட்டுடுங்க. மானை சீக்கிரம் சுத்தம் பண்ணி சீக்கிரம் குளிரவைக்கணும்னு உங்களுக்கே தெரியும். இதையெல்லாம் நீங்க யோசிச்சிருக்கீங்கன்னு தெரிஞ்சாலே அவங்களுக்கு பாதி பயம் போயிடும்.

சரி, மகன். அவன் வர்றேன்னு சொல்றது எனக்கு சந்தோஷம், ஆனா முதல் வருஷம் அவன் கைல துப்பாக்கி வேண்டாம். உங்க இடத்துல எந்த வயசுல இருந்து பிள்ளைங்க வேட்டைக்கு வரலாம், என்ன பயிற்சி முடிச்சிருக்கணும்னு வனவிலங்குத் துறைகிட்ட முதல்ல கேட்டுக்கோங்க, சட்டம் விடாத இடத்துல நமக்குப் பேச்சே கிடையாது. சட்டம் விட்டாலும் முதல் சீசன் அவன் பாக்கறதுக்கு மட்டும் வரட்டும். காத்து எந்தப் பக்கம்னு பாக்க, காலடித் தடம் புதுசா பழசான்னு சொல்ல, சத்தம் இல்லாம உக்கார இதெல்லாம் கத்துக்கிட்டவனுக்கு அப்புறம் துப்பாக்கி கத்துக் குடுக்கறது சுலபம், தலைகீழா பண்ணினா கஷ்டம்.

துப்பாக்கிக்கு நாலு விஷயத்தை அவன் தூக்கத்துல கேட்டாலும் சொல்லணும். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா இருக்கிற துப்பாக்கியாவே நினைக்கணும். குழலோட வாய் எப்பவும் ஆபத்தில்லாத பக்கம்தான் இருக்கணும். சுடறதுன்னு முடிவாகற வரைக்கும் விரல் விசை மேல போகக் கூடாது. எதைச் சுடறோம்னு மட்டும் தெரிஞ்சா பத்தாது, அதுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னும் தெரியணும். இந்தக் கடைசி விஷயத்துலதான் அனுபவசாலிங்களே கோட்டை விடறாங்க, சின்ன .22 தோட்டாவே ஒரு மைலுக்கு மேல போகும், மேட்டு உச்சில நிக்கிற மானைச் சுட்டு தவறிச்சுன்னா அந்தத் தோட்டா எங்க போய் விழும்னு உங்களுக்குத் தெரியாது. காதுக்கு இயர் மஃப் கட்டாயம், ரைஃபிள் சத்தம் 140 டெசிபலைத் தாண்டும், ஒரே சத்தத்துல பிள்ளையோட காது நிரந்தரமா பாதிக்கலாம், அப்பாங்க இதை மட்டும் ஏன்தான் மறக்கறாங்கன்னு எனக்குத் தெரியல. மத்த வேட்டைக்காரங்க கண்ணுல படறதுக்குப் போடற ஆரஞ்சு சட்டையை மான் பாத்துடும்னு உங்க ஃப்ரெண்ட்ஸ் யாராவது சொன்னா நம்பாதீங்க, மானோட கண்ணுக்கு ஆரஞ்சு நமக்குத் தெரியற மாதிரி பளிச்சுனு தெரியாது, அதுக்கு நீலம்தான் நல்லா தெரியும், அதனால ஆரஞ்சைப் போடச் சொல்லுங்க, நீல ஜீன்ஸைக் கழட்டச் சொல்லுங்க.

பிள்ளைக்கு குளிர் நம்மளைவிட வேகமா ஏறும். பருத்தித் துணி நனைஞ்சா உடம்புச் சூட்டை உறிஞ்சிடும், கம்பளியோ செயற்கை நூலோ போடுங்க, மாத்து சாக்ஸ் ஒண்ணு கூட வச்சுக்கோங்க. பேச்சு குழறுது, தடுமாறி நடக்கறான்னா அப்பவே கிளம்பிடணும். அதைவிட முக்கியம், "அப்பா போலாம்"னு அவன் எப்ப சொன்னாலும் கிளம்பிடுங்க, மான் கண்ணு முன்னாடி நின்னாலும் சரி. முதல் நாள் நல்லா இருந்தாதான் ரெண்டாவது நாள் இருக்கும்.

அப்புறம் அவன்கிட்ட ஒரு உண்மையைச் சொல்லியே ஆகணும், எல்லா குண்டும் சரியா படாது. ஒரு சாயந்தரம் வெளிச்சம் போற நேரத்துல, இன்னும் கொஞ்சம் தெரியுதேன்னு அவசரப்பட்டு நான் சுட்டேன். முன்னங்காலுக்குப் பின்னாடி படவேண்டியது தள்ளி வயித்துல பட்டுடுச்சு. அந்த மாதிரி பட்டா மணிக்கணக்குல காத்திருந்து அப்புறம்தான் தேடணும், உடனே பின்னாடி போனா அடிபட்ட மான் பயந்து ஓடிட்டே இருக்கும். நான் பொறுக்கல, 10 நிமிஷத்துல டார்ச்சை எடுத்துட்டுப் போயிட்டேன். ராத்திரி பூரா தேடினேன், இலை மேல அங்கங்க ஒரு சொட்டு, அப்புறம் அதுவும் இல்ல. மறுநாள் மத்தியானம்தான் கிடைச்சுது, ஓடைப் பக்கம் படுத்தபடியே கிடந்துச்சு, மாமிசம் எதுக்கும் ஆகல. அது எத்தனை மணி நேரம் உயிரோட கிடந்திருக்கும்ங்கற நினைப்பு இன்னைக்கும் போகல. அடைக்கலான் குருவி ஒண்ணு தரைல விழறதும் பிதாவுக்குத் தெரியும்னு இயேசு சொன்னாரே, அந்த மான் விழுந்ததும் அவருக்குத் தெரியும். இந்தக் கதையை ஒவ்வொரு வகுப்புலயும் சொல்றேன், உங்க மகனுக்கும் நீங்க சொல்லுங்க. இதைக் கேட்டுட்டு அவன் எனக்கு வேண்டாம்பான்னு சொன்னா தோளைத் தட்டிக் குடுங்க, அதுவும் ஆம்பளைத்தனம்தான். கூட வர்ற பெரியவங்க யாராவது "என்னடா பயந்துட்டியா"ன்னு அவனைக் கேலி பண்ணினா அந்த இடத்துலயே நிறுத்துங்க.

சபை சகோதரர்களைப் பத்தி கொஞ்சம்தான் சொல்லணும், ஏன்னா 4 வருஷமா சேந்து போறீங்க, அந்த ஐக்கியம் நல்லா இருக்குன்னு தெரியுது. மரத்துல கட்டின பரண்ல ஏறி உக்காறவங்க யாரா இருந்தாலும் முழு உடம்பு ஹார்னஸ், அதாவது விழாம தாங்கற பெல்ட், போடணும், தரைல கால் இருக்கும்போதே மாட்டிடணும், துப்பாக்கியைத் தோட்டா இல்லாம கயித்துல கட்டி அப்புறமா மேல இழுத்துக்கணும். வேட்டைல பெரிய காயம் படறவங்கள்ல நிறைய பேர் பரண்ல இருந்து விழுந்தவங்கதான். சகோதரன் ஹார்னஸ் போடலைன்னா "நீ இறங்கு"ன்னு சொல்றதுக்கு வெக்கப்படாதீங்க, அவருக்காக ஜெபிக்கிறதும் இதுவும் ஒண்ணுதான் எனக்கு.

வேட்டையாடாத விசுவாசிகளையும் சேத்துக்க நிறைய வழி இருக்கு. சீசனுக்கு முன்னாடி தடம் பாக்கப் போற நாள் இருக்கு, அன்னைக்கு குடும்பம் குடும்பமா வரலாம், பிள்ளைங்களுக்கு அதைவிட ஒரு ஞாயிறு பள்ளி கிடையாது. மீன் பிடிக்கப் போகலாம், ராத்திரி கூடாரம் போட்டு நெருப்புப் பக்கத்துல உக்காந்து பாடலாம். சட்டம் அனுமதிச்சா மாமிசத்தை கஷ்டப்படற குடும்பத்துக்குக் குடுங்க, வேணுமான்னு கேட்டுட்டுக் குடுங்க. விசுவாசத்துக்கு வராத ஃப்ரெண்டு யாரையாவது கூட்டிட்டுப் போனா பரண்ல வச்சு பிரசங்கம் பண்ணாதீங்க, ப்ளீஸ். விடியற நேரத்துல காட்டுல உக்காந்திருக்கிறவனுக்கு கேள்வி தானா வரும், அவன் கேக்கும்போது பதில் சொன்னா போதும்.

வீட்டு குரூப்ல இருக்கிற அந்த போட்டோவை அழிச்சுடுங்க. மான் கிடைச்ச போட்டோ வேணும்னா எடுங்க, ரத்தத்தைத் துடைச்சு, மானோட வாயை மூடி வச்சு, மரியாதையா எடுங்க, வேட்டைக்குப் போற அந்த 3 பேரோட வச்சுக்கோங்க. சபை குரூப்புக்கு விடியற வானத்தைப் போடுங்க, பனில பதிஞ்ச தடத்தைப் போடுங்க.

மககிட்ட "சாரி பாப்பா, உன்கிட்ட கேக்காம அதை உனக்கு அனுப்பியிருக்கக் கூடாது"ன்னு சொல்லுங்க. விளக்கம் எதுவும் குடுக்காதீங்க, அவ ஏதாவது கேட்டா மட்டும் சொல்லுங்க. சீசன் முடிஞ்சதும் சின்னக் கைக்கு ஏத்த எடை கம்மியான பைனாகுலர் ஒண்ணு, 6 மடங்கு இல்ல 8 மடங்கு பெரிசாக்கறதா வாங்கிக்கோங்க. துப்பாக்கி வீட்டுல பூட்டுக்குள்ள இருக்கறதை அவ கண்ணாலயே பாக்கட்டும், அப்புறம் அவ அம்மாவையும் சேத்து கூட்டிட்டு, நீங்க எப்பவும் உக்கார்ற அந்த மரத்துக்குக் கீழ போய் விடியறதுக்கு முன்னாடி உக்காருங்க. காத்து முகத்துல படற மாதிரி பாத்து உக்காருங்க. என்ன வந்துச்சுன்னு எனக்கு எழுதுங்க.